ஆண்டவர் பேரில் ஒரு பக்கம்

மூன்று மாதமாய்
கொடியில் துணி வெள்ளையாய்க் காய்கிறது.
புதுவயலில் இதைவிடக் கெட்ட செய்தி இல்லை.
உமிச்சாம்பல் பறந்தால்தான்
எங்கள் தெருவில் உலை.
சட்டையெல்லாம் கறுக்குது என்று
ஆலைப் புகையைத் திட்டிய வாய்
இப்போது அதையே கேட்டு ஜெபிக்கிறது.

ஆலையில் கணக்கெழுதியவர் என் வீட்டுக்காரர்,
இன்னாசிமுத்து.
முதலாளி பேரேட்டில்
பக்கத்துக்குப் பக்கம் பிள்ளையார் சுழி போட்டார்,
இருபத்திரண்டு வருஷம், வளைவு பிசகாமல்.
வீட்டு நோட்டில் அதே இடத்தில்
சின்னதாய் ஒரு சிலுவை.

ஆலை நின்ற வாரம்
புதுப் பக்கம் புரட்டி
ஆண்டவர் பேரில் கணக்குத் திறந்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வரவு:
காரைக்குடி நாத்தனார் கொடுத்துவிட்ட முருங்கைக்காய், பதினொன்று.
முதலாளி திருப்பிக் கேட்காத முன்பணம், மூவாயிரம்.
மகளின் காய்ச்சல், மாத்திரை வாங்குமுன்னே விட்டது.
ரேஷன் அரிசி.

"அது சர்க்கார் கொடுத்தது" என்றேன்.
"யார் கை என்று பார்க்கவில்லை.
வந்ததை எழுதுகிறேன்."

எதிரே பற்றுப் பக்கம் வெறுமையாய்க் கிடந்தது.
என் காதுத் தோட்டை அதில் எழுதச் சொல்லலாமா
என்று ஒருநாள் நினைத்தேன்.
தோடு போனது அடகுக்கடைக்கு,
ஆண்டவரிடம் அல்ல. விட்டுவிட்டேன்.

செவ்வாய்தோறும் குழுக்கடன் தவணை,
இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
கையில் ஆயிரத்து ஐநூறு.
திங்கள் ராத்திரி முழங்காலில் நின்று
அன்றன்றைக்கு வேண்டியதைத் தாரும் என்று
கேட்கிற இடம் வந்ததும்
ஜெபம் தொண்டையில் நின்றது.
இன்றைக்கு இருக்கிறது, ஆண்டவரே.
அரிசி இருக்கிறது, புளி இருக்கிறது.
எனக்கு வேண்டியது நாளைக்கு,
காலை பதினொரு மணிக்கு,
அறுநூற்று நாற்பது.
சில்லறையாய்த் தந்தாலும் சரி.

கதவு தட்டும் சத்தம்.
இவ்வளவு சீக்கிரமா என்று எழுந்த வேகத்தில்
மடியிலிருந்த ஜெபமாலை கீழே விழுந்தது.

லல்லன்.
ஆலையில் மூட்டை தூக்கிய பீகார்ப் பையன்,
ரயில் டிக்கெட்டுக்குக் காசில்லாமல்
கொட்டகையிலேயே தங்கிவிட்டவன்.
தமிழில் அவனுக்கு எல்லா எடையும் தெரியும்,
எல்லா வசவும் தெரியும்.
பசி என்று சொல்ல மட்டும் வரவில்லை.
கையை விரித்துக் காட்டினான்.

எனக்கு வந்தது கோபம். அவன் மேல் இல்லை.
கேட்டுக்கொண்டிருப்பவளிடமே
கேட்க ஆள் அனுப்புகிற
உம்முடைய சாமர்த்தியத்தின் மேல்.
எவர்சில்வர் தூக்குவாளியில் ஒரு படி அளந்தேன்,
தலை தட்டி.
அப்புறம் வெட்கமாகி
ஒரு கை அள்ளிப் போட்டேன்.

இன்னாசிமுத்து பார்த்துக்கொண்டே இருந்தார்.
நோட்டை எடுத்தார். பேனாவை இரண்டு தரம் உதறினார்.
ஆண்டவர் பேரில்,
பற்றுப் பக்கத்தில் முதல் வரி:
அரிசி, படி ஒன்று.
கொஞ்சம் யோசித்துப் பக்கத்தில் சேர்த்தார்:
கை ஒன்று.

செவ்வாய்க் காலை வானம் ஒன்றும் திறக்கவில்லை.
மும்தாஜ் இருநூறு போட்டாள், என் முகத்தைப் பார்க்காமல்.
அழகுமீனாவும் இருநூறு,
பார்த்து, நாலு வார்த்தை சொல்லி.
மீதி இருநூற்று நாற்பதை
அடுத்த வாரம் சேர்த்துக் கட்டணும் என்று
வசூல்காரர் சிவப்பு மையில் வட்டம் போட்டார்.
ஆலைக் கதவில் அதே பூட்டு.

சாயங்காலம் லல்லன்
தூக்குவாளியைத் திருப்பிக் கொண்டுவந்தான்.
கொட்டகை மூலையில் மிச்சம் கிடந்த
உமிச்சாம்பல் போட்டுத் தேய்த்திருக்கிறான்.
உள்ளே என் முகம் தெரிந்தது,
வேறொன்றும் இல்லை.

வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.
நாளைக்கு நிமிர்த்திக்கொள்ளலாம்.